இழுபடும் வண்டிக்கு ஒரு ஜோடி டயர்

பங்குனி உத்திரம் நெருங்கினால் பேட்டையில் பஞ்சர்க் கடைகளுக்கு வேலை கூடிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தொடர்பு சட்டென்று பிடிபடாது. நெல்லைச் சீமையில் பலருக்கும் சாஸ்தாதான் குலதெய்வம். அவர் ஊருக்கு நடுவில் இருப்பது அபூர்வம். குளத்தங்கரையில் இருப்பார், உடங்காட்டுக்குள் இருப்பார், தேரி மணலில் இருப்பார், மலையடிவாரத்தில் ஓடைப் பக்கம் இருப்பார். சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். முந்தின நாளே கோயிலுக்குப் போய், மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, ராத்தங்கி, பொங்கலிட்டு, மறுநாள் சாயங்காலம் திரும்ப வேண்டும். அண்டா, உருளி, விறகு, தண்ணீர், அரிசிச் சிப்பம், ஜமுக்காளம், கைக்குழந்தைக்குத் தொட்டில் சேலை என்று ஒரு வீடே கூடப் போகும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் காட்டுப் பாதைகளில் இழுத்துப் போவதற்கென்றே சிறு கூடார வண்டிகளைச் செய்து விற்கிறார்கள். நம் பக்கத்தில் அதே தேவைக்குக் கூண்டு வண்டி இருந்தது, பிறகு டயர் வண்டி வந்தது, அதன்பின் டிராக்டர் பெட்டி, இப்போது குட்டி யானை என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ்.

எங்கள் குடும்பத்தில் இதற்கென்று ஒரு சிறிய டிரெய்லர் இருக்கிறது. பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த என் அத்தான் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் கட்டிய வண்டி. இரண்டே சக்கரம். இரும்புச் சட்டம், கமான் பட்டை, அதன்மேல் தகரப் பெட்டி. மூடியைத் திறந்து குழாய்களை நிமிர்த்தினால் நாலு பேர் படுக்கத் தோதான கூடாரம். பின்கதவை இறக்கினால் அடுப்பு வைக்கிற பலகை. அடியில் தண்ணீர்த் தொட்டி. சித்தப்பாவின் பழைய ஜீப் அதை இழுக்கும். ஜீப்பைப் போலவே டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு, நம்பர் தகடு உண்டு. சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை அத்தான் ஜீப்பின் அகலத்துக்குச் சரியாக வைத்தார். மணலிலும் சேற்றிலும் ஜீப் அழுத்திப் போட்ட தடத்திலேயே பின்னால் வரும் சக்கரமும் உருள வேண்டும். அகலம் மாறினால் டிரெய்லர் தனக்கென்று இரண்டு புதுப் பள்ளம் வெட்டிக்கொண்டு வரும். இழுக்கிற எஞ்சினுக்கு அது வீண் பாரம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நான் பெரிய ஆள் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் அதற்கு டயர் மாற்றும் வேளை வந்தது. பிசான அறுவடை நடக்கிற சமயம். டிராக்டர் பெட்டிகளும் வைக்கோல் ஏற்றும் வண்டிகளும் சேரன்மகாதேவி சாலையில் போய்வந்துகொண்டிருந்தன. அந்தச் சாலையில் பஞ்சர்க் கடை வைத்திருக்கும் பாய் எங்கள் வீட்டு வண்டிகளை என் சிறுவயதிலிருந்தே பார்த்து வருபவர். டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் டயரின் முகத்தை, அதாவது தரையில் படுகிற பட்டனை, பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, ரிம்முக்கும் பட்டனுக்கும் இடைப்பட்ட பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"பட்டன் அப்படியே இருக்கே பாய், இன்னும் ரெண்டு வருசம் போகாதா?"

"பட்டனைப் பாக்காதீய தம்பி. இது ஓடித் தேஞ்ச டயரு இல்ல, நின்னு செத்த டயரு."

அவர் அமுக்கிய இடத்தில், வற்றிய குளத்து வண்டல்போல, மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 3116. 2016-ஆம் வருஷத்தின் 31-ஆம் வாரத்தில் வார்க்கப்பட்ட டயர் என்று அர்த்தம். உலகம் முழுக்க டயர் செய்கிறவர்கள் இப்படித்தான் தேதி போடுகிறார்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயர் வாங்கப் போகிற எல்லோரும் பேரம் பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். கடையில் நிற்கிற டயர் புதுசாகத்தான் தெரியும். அது எத்தனை காலம் கிட்டங்கியில் கிடந்தது என்பதை இந்த நான்கு இலக்கம் மட்டுமே சொல்லும்.

ஓடாமல் நிற்கிற டயர் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலின் புற ஊதாக் கதிரும் ரப்பரை அரிக்கும். அதைத் தடுக்க, டயர் செய்யும்போதே ரப்பருக்குள் ஒருவகை மெழுகையும் காப்பு ரசாயனத்தையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு, பக்கவாட்டு மடங்கி விரியும்போது அந்தப் பொருள் உள்ளிருந்து கசிந்து மேல்தோலுக்கு வந்து ஒரு படலமாகப் படியும். அன்றாடம் ஓடுகிற பேருந்து டயருக்கு இந்தக் காப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. எங்கள் டிரெய்லரோ வருஷத்தில் பெரும்பகுதி வீட்டு முற்றத்தில் நிற்கிறது. மேற்கு வெயில் ஒரு பக்கச் சக்கரத்தின்மேல் நேராக விழும். அந்தப் பக்கத்து டயரில்தான் வெடிப்பு கூடுதலாக இருந்தது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும்வரை ஓட்டலாம் என்கிற கணக்கு காருக்குப் பொருந்தும். டிரெய்லர் டயர் அந்த அளவுக்குத் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். ஐந்து வருஷம் ஆனதும் வருஷா வருஷம் கழற்றிச் சோதிக்க வேண்டும், பத்து வருஷம் ஆனால் எப்படித் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. டிரெய்லருக்கு அந்தப் பத்தை நான் ஏழாகவோ எட்டாகவோ குறைத்துக்கொள்வேன்.

பழைய டயரை மாற்ற வேண்டும் என்பது அப்போதே முடிவாயிற்று. எந்த டயர் போடுவது என்பதில்தான் வீட்டில் மூன்று கட்சி.

டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனபோது அங்கிருந்த இளைஞர், காட்டுப் பாதைக்குப் போகிற வண்டி என்றதும், விரற்கடை ஆழத்துக்குப் பட்டன் வெட்டிய முரட்டு டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்க வெகு கம்பீரம். என் சித்தப்பா மகனுக்கு அதைப் பார்த்த பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்த டயர் நல்ல டயர்தான், எஞ்சினின் சுழற்சி வந்து சேருகிற சக்கரத்துக்கு. சேற்றைக் கவ்வி, பின்னால் தள்ளி, வண்டியை முன்னே கொண்டுபோவதற்காக வெட்டப்பட்ட பட்டன் அது. எங்கள் டிரெய்லர் சக்கரத்துக்கு எஞ்சின் கிடையாது, ஸ்டீரிங் கிடையாது. அது இழுத்த இழுப்புக்கு உருளும், சுமையைத் தாங்கும், அவ்வளவுதான். கவ்வ வேண்டாத சக்கரத்துக்குக் கவ்வுகிற பட்டன் போட்டால் உருளும்போது இழுப்பு கூடும், தார்ச் சாலையில் இரைச்சல் கூடும். மலைச் சாலையில் மழைக்காலத்து வளைவில் பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க ஓரளவு பட்டன் வேண்டும்தான்; அதற்கு நீளவாக்கில் வரியோடிய சாதாரணப் பட்டனே போதும். பாய் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "ஓடுத வண்டிக்கு டயர் எடுக்கது வேற, இழுபடுத வண்டிக்கு எடுக்கது வேற."

தேரிக்கு வந்தால் முரட்டுப் பட்டன் உபகாரமே இல்லை. எங்கள் சாஸ்தா இருப்பது திருச்செந்தூருக்கு மேற்கே, தேரி ஓரத்தில். அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காயாமொழி, தேரிக்குடியிருப்பு, குதிரைமொழி வட்டாரம் முழுக்கச் செக்கச்செவேலென்று மணல் மேடு. பனையும் முந்திரியும் உடையும் வளர்ந்து நிற்கும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் இடம் மாறும். போன வருஷம் வண்டி போன தடம் இந்த வருஷம் இருக்காது. கற்குவேல் அய்யனாரும் அருஞ்சுனை காத்த அய்யனாரும் இருக்கும் பூமி அது. பெரிய கோயில்களுக்கு நல்ல சாலை வந்துவிட்டது. சிறிய சாஸ்தாக்களுக்குக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் இன்னும் மணல்தான். ஆழப் பட்டன் அங்கே மணலைத் தோண்டும், சக்கரம் இறங்கும். மணலில் வேண்டியது மிதப்பு. மிதப்பு வருவது காற்றைக் குறைப்பதால். தார்ச் சாலையில் 32 பவுண்டு வைத்திருந்த டயரை மணல் தொடங்கும் இடத்தில் 20 அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளவாக்கில் படர்கிறது, பாரம் பரவுகிறது, மணல் மேலேயே வண்டி நகர்கிறது. திரும்பித் தார்ச் சாலைக்கு ஏறியதும் மறுபடி காற்று அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கவாட்டு ஓயாமல் மடங்கிச் சூடேறும். சூடுதான் டயரைக் கொல்லும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. முரட்டு டயருக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் பாதிக்கு அதை வாங்கிவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் தெளியவில்லை.

சித்தப்பாவின் கட்சி வேறு. ஜீப்புக்கு என்ன டயரோ அதையே டிரெய்லருக்கும் போட வேண்டும் என்றார். இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஜீப்புக்குப் பின்னால் இழுக்கக் கால் டன் டிரெய்லர் ஒன்றைச் செய்தது. ஜீப்பின் 6.00-16 டயரையே அதற்கும் போட்டார்கள். ஒரே ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கும் உதவும். சக்கரம் பெரியதாகையால் பள்ளத்தில் விழாமல் தாண்டும். தடமும் ஒன்றாக இருக்கும். இன்றைக்கும் காட்டுப் பாதை வண்டிகளைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் சொல்கிற புத்திமதி இதுவே. சித்தப்பாவின் ஜீப்பும் அதே 6.00-16 ஜாதி. ஆனால் எங்கள் டிரெய்லரின் அச்சும் ஹப்பும் 12 அங்குல ரிம்முக்காகச் செய்தவை. 16 அங்குலத்துக்கு மாறினால் ஹப் மாற வேண்டும், மட்கார்டு மாற வேண்டும். அதைவிட முக்கியமாக, பெட்டி 10 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே போய்விடும். பாத்திரமும் தண்ணீரும் நிறைந்த பெட்டியின் கனம் உயர்ந்தால் மலை வளைவில் சாயும் அபாயமும் உயரும். ஜீப்பின் கொக்கிக்கும் டிரெய்லரின் மூக்குக்கும் உள்ள மட்டமும் கெடும். வண்டியைத் தொடக்கத்திலிருந்து கட்டுகிறவர்களுக்குச் சித்தப்பா சொன்னதே சரி. கட்டி முடித்த வண்டிக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாவது, ரீட்ரெட். எங்கள் பெரியப்பா ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். புது டயர் எதற்கு, நல்ல கட்டாகப் பார்த்து ரப்பர் ஒட்டிப் போடு என்றார். அந்தத் தலைமுறையின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். நம் நாட்டு டயர்த் தொழிலே அந்தச் சிக்கனத்தில் வேர்விட்டதுதான். எம்.ஆர்.எஃப். 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. 1952-இல் ரீட்ரெட் செய்வதற்கான ரப்பரில் இறங்கியது. முழு டயர் செய்ய 1961 ஆயிற்று. நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரும் பேருந்து ஓட்டுவதோடு நிற்காமல் ரீட்ரெட் தொழிற்சாலை வைத்தவர். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போட்டு மறுபடி சாலைக்கு அனுப்பும் கைத்திறன் சாதாரணமானதல்ல, இன்றைக்கும் லாரிகளும் பேருந்துகளும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் லாரியின் பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர். ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பது தாங்கிக்கொள்ளும். இரண்டே சக்கரமுள்ள டிரெய்லருக்குத் துணை கிடையாது. ஒன்று போனால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, இழுக்கும் ஜீப்பையும் திருகும். அதோடு ரீட்ரெட் டயரின் உள்கட்டுக்கு எத்தனை வயது, எந்தப் பள்ளத்தில் எத்தனை பாரம் தாங்கிற்று என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. புதுத் தோலுக்குள் பழைய எலும்பு. வயதால் சாகிற டயரை மாற்றப் போய் வயதான கட்டையே மறுபடி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெட்டை டயரு இல்லல்லா, அப்பம் வேண்டாம்" என்றார்.

கடைசியில் நாங்கள் எடுத்தது குட்டி யானைக்குப் போடுகிற 145 ஆர் 12 எல்.டி. டயர், 8 பிளை.

கணக்கு இதுதான். எங்கள் டிரெய்லர் வெறுமையாகச் சுமார் 250 கிலோ. பாத்திரம், தண்ணீர், அரிசி, படுக்கை எல்லாம் சேர்ந்து இன்னொரு 350 கிலோ என்று வைத்தால் மொத்தம் 600. இதில் பத்தில் ஒரு பங்கு ஜீப்பின் கொக்கியில் நிற்கும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். மிச்சம் 540, சக்கரத்துக்கு 270. பழைய டயர் சின்னக் கார் டயர், 145/70 ஆர் 12. பக்கவாட்டில் 69 என்று சுமைக் குறியீடு இருக்கும். 69 என்றால் 325 கிலோ. 270-க்கு 325 போதும் என்று காகிதம் சொல்கிறது. காகிதத்துக்குத் தெரியாதவை சில உண்டு. மேட்டுப் பாதையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின்மேல் பாதிக்கு மேற்பட்ட பாரம் ஏறும். குழியில் விழுந்து எழும்போது கணநேரம் பாரம் இன்னும் பெருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயிலுக்குக் கிளம்புகிற காலையில் சித்தி கொண்டுவந்து வைக்கிற கடைசி மூட்டை எந்தக் கணக்கிலும் வராது. குட்டி யானை டயருக்குச் சுமைக் குறியீடு 86, அதாவது ஒற்றை டயருக்கு 530 கிலோ. பிளை என்பது முன்பு டயருக்குள் இருந்த பருத்தி நூல் அடுக்குகளின் எண்ணிக்கை. இப்போது அத்தனை அடுக்கு உள்ளே இருப்பதில்லை. அத்தனை அடுக்குக்குச் சமமான பலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலம் கூடிய டயரில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முழுச் சுமைக்கு அதில் 65 பவுண்டு காற்று அடிக்கலாம். இலேசான டிரெய்லருக்கு அவ்வளவு அடித்தால் வண்டி துள்ளும். துள்ளத் துள்ள உருளி நசுங்கும், தகரத்தில் அடித்த ரிவிட் கழலும், பற்றவைத்த இடத்தில் வெடிப்பு விழும். ஆகவே தார்ச் சாலைக்கு 32-லிருந்து 35 வரை போதும் என்று வைத்தோம். ஏற்றிய சுமையோடு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். புது டயர் பழையதைவிட விட்டத்தில் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் பெரிது. வண்டி ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தது, மட்கார்டில் உரசவில்லை. ரிம்மையும் அத்தான் கழற்றித் தட்டிப் பார்த்து, துரு சுரண்டி, விளிம்பு நெளிந்திருந்த ஒன்றை மாற்றினார். நல்ல டயரை நெளிந்த ரிம்மில் மாட்டுவது பணத்தை மணலில் கொட்டுவது.

பக்கவாட்டின் தடிமன் எங்களுக்கு வேறொரு வகையிலும் வேண்டியிருந்தது. தேரியில் காய்ந்த பனைமட்டை எங்கும் கிடக்கும். அதன் கருக்கு ரம்பப் பல். மணலுக்குள் பாதி புதைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. உடைமுள் பட்டனில் குத்தும், அதற்கு மருந்து உண்டு. கருக்கு பக்கவாட்டைக் கிழிக்கும், அதற்கு மருந்து இல்லை. சுமை வண்டி டயரின் தடித்த தோல் அங்கே கைகொடுக்கிறது.

ஆனாலும் இந்த டயரை நான் விரும்பியதற்குப் பெரிய காரணம் பலம்கூட அல்ல. அது எங்கும் கிடைக்கும். 2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து வாழைத்தார் ஏற்றுவது அதுதான், ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றுவது அதுதான், வீடு மாற்றுவதும் அதில்தான். ஏரலிலும் சாத்தான்குளத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் ஒரு பஞ்சர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய டயர் இது. பங்குனி உத்திரத்தன்று சாயங்காலம், மண்பாதையில் டயர் கிழிந்து நிற்கும்போது, உள்ளூர்க்காரர் யாராவது தன் குட்டி யானையின் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துக்கூட உதவ முடியும். சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டிய அபூர்வமான டயரில் அந்தச் சௌகரியம் கிடையாது. காட்டுக்குப் போகிற வண்டிக்கு டயர் தேர்ந்தெடுக்கிறவர்கள் காட்டை நினைக்கிற அளவுக்கு, காட்டுக்கு முந்தின கடைசி ஊரின் பஞ்சர்க் கடையையும் நினைக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

டிரெய்லரை இழுத்துப் போகிறவர்களுக்கு நான் மனம்விட்டுச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. தன் வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்கு ஸ்டீரிங்கில் தெரிந்துவிடும். பின்னால் வருகிற டிரெய்லரின் சக்கரத்தில் இறங்கினால் தெரியாது. ஜீப்பின் இரைச்சலில் காதுக்கும் எட்டாது. ரப்பர் கருகும் வாடை வந்து, எதிரே வருகிறவர் கைகாட்டி நிறுத்தும்போது டயர் நார்நாராகியிருக்கும். ஆகவே ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ தேநீர் குடிக்க நிறுத்தினால், இறங்கியதும் முதல் வேலையாக இரண்டு டயரையும் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறோம். இரண்டும் ஒரேபோல வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் காற்று குறைந்திருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. இந்தத் தொடுகையை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம், அவர்கள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

ஆட்களை அந்தப் பெட்டியில் ஏற்றுவதே இல்லை. பத்தடி தூரம்கூட இல்லை. கோயிலுக்குப் போகும் சந்தோஷத்தில், டிராக்டர் பெட்டியிலும் சுமை ஆட்டோவிலும் பெண்களையும் குழந்தைகளையும் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு போவதை இன்னமும் நம் சாலைகளில் பார்க்க வேண்டியிருக்கிறது. அண்டா உருண்டால் நெளியும், நெளிவை எடுத்துக்கொள்ளலாம். டயர் வாங்கும்போது சுமையைக் கிலோவில் கணக்குப் போடுகிற நாம் அந்தக் கிலோவில் ஒரு உயிரைச் சேர்க்கக் கூடாது. பேருந்து இருக்கிறது, வேன் இருக்கிறது. கொஞ்சம் செலவாகும், ஆகட்டும்.

மேற்கே, மலைப் பக்கம் போகும் கதை வேறு. சாஸ்தா கோயில்களுக்கெல்லாம் மூலம் என்று எங்கள் பக்கத்தில் கருதப்படுகிற சொரிமுத்து அய்யனார் காரையாறில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறார். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் வரைக்கும் சாலை சுகமானது. அதற்குமேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்கு ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டு, நாள்கணக்கில் தங்குவார்கள். இப்போது வனத்துறை கட்டுப்பாடுகள் வைத்து, திருவிழாக் கூட்டத்தை அரசுப் பேருந்துகளில் மேலே அனுப்புகிறது. எங்கள் டிரெய்லர் அங்கே போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தக் காட்டில் நம் சக்கரம் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. தாமிரபரணி நமக்குத் தண்ணீராக வந்து சேருவது அந்தக் காடு இருப்பதால்தான்.

புது டயர்கள் மாட்டிய பிறகு முற்றத்தில் வண்டி நிற்கும் விதத்தையும் மாற்றினோம். வேப்பமரத்து நிழல் மத்தியானத்துக்குமேல் விலகிவிடுவதால் சக்கரங்களுக்குப் பழைய சாக்கில் உறை தைத்துப் போட்டிருக்கிறோம். அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்திருக்கிறோம். ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகாது. மாதம் ஒருமுறை யாராவது கையால் சுற்றிவிடுகிறார்கள். அது மட்டும் போதாது என்று, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தமல்லி விலக்கு வரைக்கும் வெறும் வண்டியை இழுத்துப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. டயர் உருண்டு மடங்கினால்தானே உள்ளிருக்கும் மெழுகு வெளியே வரும்.

கழற்றிய பழைய டயர்களை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முற்றத்தில் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பாய் இரண்டையும் கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டுத்தான் பழைய சாமான் வண்டிக்குப் போட்டார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம்.

பெட்டி மூடியின் உட்புறத்தில் அத்தான் மஞ்சள் பெயிண்டால் டயரின் வாரத்தையும் வருஷத்தையும் எழுதி, அதன்கீழ் தார்ச் சாலைக்கு 32 என்று எழுதியிருக்கிறார். தேரி என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. 20 வேண்டும் என்கிறார் அவர், தடித்த தோல் டயருக்கு 18-க்கு இறக்கினால்தான் படரும் என்கிறார் சித்தப்பா. 18-இல் ரிம்மைவிட்டு டயர் நழுவிவிடுமோ என்பது என் கவலை. உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால் வண்டியில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு, மூன்று பேருமாக மணலில் இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுவதாகப் பேச்சு.